சிவப்புப் பந்தும் டோன்காவின் மணிக்கட்டும்

எங்கள் தையல் ஆலையின் வெட்டுக்கூடத்துக்குள் ஒரு கண்ணாடி அறை இருந்தது. அதற்குள் இரண்டு மேசை, இரண்டு கணினி. நீங்கள் யாராவது அந்தப் பக்கம் வந்திருந்தால், டோன்கா எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்க வேண்டியதே இல்லை, கண்ணுகளா. ஜன்னல் பக்கத்து மேசை, நல்ல நாற்காலி, அதன் முதுகில் அவளுடைய கம்பளிச் சால்வை.

நான் கண்ணாடிக்கு வெளியே, நீண்ட மேசையில் துணி விரிக்கிறவள். அடுக்கு மேல் அடுக்காகத் துணியை விரித்து, அதன் மேல் வெட்டுப்படத் தாளைப் பரப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. அந்தப் படத்தைக் கணினியில் அடுக்கி அனுப்புகிறவள் டோன்கா. ஒரு கோட்டுக்கு முன்பக்கம், முதுகு, கை, காலர், பைமூடி என்று எத்தனையோ துண்டுகள். அத்தனையையும் துணியின் அகலத்துக்குள் நெருக்கி நெருக்கிப் பொருத்த வேண்டும். திரையின் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். நூறு பங்கு துணியில் எத்தனை பங்கு உடுப்பாகிறது, எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்று அந்த எண் சொல்லிவிடும். எண்பத்து மூன்றில் மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். டோன்கா எழமாட்டாள். பைமூடி ஒன்றை மவுஸால் கவ்வி, கைத்துண்டின் வளைவுக்குள் செருகிப் பார்ப்பாள், எடுப்பாள், மறுபடி செருகுவாள். எண் நகரும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அடுப்பில் ரொட்டி பொங்கி வந்த மாதிரி இருக்கும்.

அதனால் கோட்டெல்லாம் அவளுக்கு. விலையுயர்ந்த கம்பளித் துணி வந்தால், எங்கள் மேற்பார்வையாளர் ராங்கெல் அண்ணன் வேறு யாரையும் பார்க்கமாட்டார். எதிர் மேசையில் உட்காருகிறவர்களுக்கு உள்துணியும் பைத்துணியும்தான். அந்த மேசைக்கு வருகிற பெண்கள் ஒரு வருஷம் இருப்பார்கள், பிறகு கிரீஸுக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுவார்கள். டோன்கா அவர்களோடு நன்றாகத்தான் பழகினாள். தனக்குக் கீழே இருப்பவர்களோடு பழகுவதில் என்ன கஷ்டம்?

இலையுதிர்காலத்தில் நெவேனா வந்தாள். கார்ட்ஜாலியில் ஓர் ஆலையை மூடிவிட்டார்கள், அங்கிருந்து வந்தவள். நாற்பது வயது, ஒல்லி, பேச்சு குறைவு. முதல் நாள் கைப்பையிலிருந்து ஒரு குழந்தையின் காலுறையை எடுத்தாள். காலுறைக்குள்ளிருந்து கைக்கு அடக்கமான சாம்பல் நிறப் பொருள் ஒன்று வந்தது, பக்கவாட்டில் வால்நட் அளவுக்குச் சிவப்பாக ஒரு பந்து பதிந்திருந்தது. ஆலை கொடுத்த மவுஸைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டாள். இதைச் செருகினாள்.

"அது என்ன பொண்ணே, பொம்மையா?" என்றாள் டோன்கா.

"டிராக்பால், அக்கா. மவுஸுக்குப் பதிலா."

"எங்க ஓட்டிக் காட்டு."

நெவேனா கட்டைவிரலால் பந்தை உருட்டினாள். திரையில் அம்புக்குறி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வழுக்கிப் போனது. கை மேசையில் வைத்தது வைத்தபடி கிடந்தது. இன்னொரு கையில் காப்பிக் கோப்பை.

டோன்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியாடி ஸ்டாய்கா! கோலி ஆடிக்கிட்டே சம்பளம் வாங்கலாம்போல. கை அசையலன்னா அது வேலையா? சாமியாரா உக்காந்துக்க வேண்டியதுதான்."

நெவேனாவும் சிரித்தாள். "கை அசையக் கூடாதுன்னுதான் அக்கா வாங்கினேன்" என்றாள். மேலே யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கேலியாகவே போனது. அப்புறம் ஒரு நாள், நெவேனா அடுக்கிய உள்துணிப் படத்தைப் பார்த்துவிட்டு ராங்கெல் அண்ணன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கொஞ்சம் அதிக நேரமே நின்றார். மூக்கால் 'ம்' என்றார். அவர் 'ம்' என்றால் எங்கள் ஊரில் அது மாலை போட்ட மாதிரி.

அன்றிலிருந்து டோன்காவுக்குக் காது இரண்டு நாற்காலிக்கும் நடுவில்தான். ராங்கெல் அண்ணன் கண்ணாடிக் கதவைத் திறந்தால் எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறார், யார் பின்னால் நிற்கிறார், என்ன பேசுகிறார், எல்லாம் அவளுக்கு வேண்டும். புகைபிடிக்க வெளியே வரும்போது என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"ஏண்டி, நேத்து அவகிட்ட என்ன சொன்னார்?"

"ஜன்னலச் சாத்துன்னு சொன்னார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஜன்னல் என் பக்கம்தானே இருக்கு?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அது எனக்கும் அவள் கணவன் கிருமுக்கும் மட்டும்தான் தெரியும். டோன்காவின் வலது மணிக்கட்டு வலித்தது. சுண்டுவிரல் பக்கம் தொடங்கி முழங்கை வரை ஒரு கம்பி இழுப்பது போல இருக்குமாம். காலையில் கோப்பையைத் தூக்க முடியாது. ராக்கியாச் சாராயத்தை ஊற்றித் தேய்த்து, துணியைச் சுற்றி, மேலே நீளக் கையுள்ள பின்னல் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவாள். மருத்துவரிடம் கிரும்தான் இழுத்துக்கொண்டு போனான். மணிக்கட்டை மவுஸோடு இழுத்து இழுத்துத் தேய்த்துவிட்டாய், இப்படியே போனால் இந்தக் கையால் கத்தி பிடித்துக் காய் நறுக்கக்கூட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். ஒன்று வேலையை விட்டு ஓய்வு எடுக்க வேண்டும், இல்லையென்றால் கை நகராமல் விரலால் உருட்டுகிற சாதனத்துக்கு மாற வேண்டும்.

கிரும் அதைத்தான் பிடித்துக்கொண்டான். அவர்கள் வீட்டுச் சமையலறையில் மிளகாய்ச் சட்டினியை ரொட்டியில் தடவிக்கொண்டே என்னிடம் முறையிட்டான். "நீயே சொல்லு ஸ்டாய்கா. கடையில விக்குது. நான் வாங்கித் தரேன்னு சொல்றேன். இவ என்னமோ நான் சூனியம் வைக்கிற மாதிரி பாக்குறா."

"வாங்கிட்டு வந்தேன்னா ஜன்னல் வழியா எறிவேன்" என்றாள் டோன்கா.

"ஏன், கடிக்குமா அது?"

"அவ வச்சிருக்கறத நானும் வாங்கி வச்சிக்கணுமா? இத்தன வருஷம் கழிச்சு, நேத்து வந்தவளப் பாத்து? அந்தத் தையல்கூடத்துப் பென்கா வாய் சும்மா இருக்குமா? 'டோன்காவே மாறிட்டா, நெவேனா சொல்லிக்குடுத்துட்டா'ன்னு சாப்பாட்டுக்கூடம் பூரா பரப்புவா."

"அப்ப கை போகட்டும்ங்கிற."

"கை என்னோடது."

கிரும் என்னைப் பார்த்தான். நான் ரொட்டியைப் பார்த்தேன். பொறாமைக்காரியிடம் நியாயம் பேசுவது, கொதிக்கிற பாலில் விரலை விட்டுச் சூடு பார்ப்பது மாதிரி. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த நாற்காலி அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. கணினி வந்த புதிதில் எல்லாரும் பயந்து ஓடியபோது, தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் அவள். அந்த மவுஸ்தான் அவள் கைக்கு முதலில் பழகியது. அதை விடுவதென்றால் நாற்காலியையே விடுவதாக அவள் நினைத்தாள்.

ஜனவரியில் பெரிய கோட்டு வேலை வந்தது. அடுத்த குளிர்காலத்துக்கான சரக்கு, ஒட்டக நிறக் கம்பளி, தொட்டால் கன்றுக்குட்டியின் கழுத்து மாதிரி இருந்தது. துணி வந்த அன்றைக்கே டோன்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை ராங்கெல் அண்ணன் வேறு மாதிரி பேசினார்.

"ரெண்டு பேரும் அடுக்குங்க. அதே துண்டு, அதே அகலம். யார் எண் மேல நிக்குதோ அவங்களுக்குத்தான் இந்த வருஷக் கோட்டெல்லாம்."

டோன்கா சிவந்து போனாள். "என்னண்ணே, எனக்குப் பரீட்சையா?"

"துணி வெலையப் பாத்தியா? அரைப் பங்கு மிச்சம் புடிச்சாலும் ஆலைக்கு லாபம். யார் புடிச்சா என்ன?"

யார் பிடித்தால் என்ன! அந்த மனிதர் நல்லவர்தான், ஆனால் சில ஆண்களுக்குக் கத்தரிக்கோலை எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனார்கள். டோன்கா எப்போதும் மேசையிலேயே சாப்பிடுகிறவள். நான் துணிச்சுருளை மாட்டி முடிக்கவில்லை, அதனால் நின்றுவிட்டேன். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது.

அவள் எழுந்து எதிர் மேசைக்குப் போனாள். நெவேனாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்தாள், துணிச்சுருளின் மறைவில் இருந்த நான் தெரியவில்லை. வலது கையை அந்தச் சாம்பல் பொருளின் மேல் வைத்தாள். கட்டைவிரலால் பந்தைத் தொட்டாள், உருட்டினாள். அம்புக்குறி எங்கோ ஓடியது, திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி உருட்டினாள். ஒரு துண்டைப் பிடித்து நகர்த்தினாள். அவள் தோள் மெல்ல இறங்குவதை நான் பார்த்தேன். வலிக்கவில்லை! வலியோடேயே வாழ்கிறவர்களுக்கு வலி இல்லாத ஒரு நிமிஷம் எப்படி இருக்குமென்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அந்த முகம் மாறியிருந்தது. இவ்வளவு சுகத்தை நெவேனா காப்பி குடித்துக்கொண்டே அனுபவிக்கிறாளா என்று கேட்கிற முகம் அது. டோன்கா பென்சிலை எடுத்தாள். சாதனத்தைத் திருப்பினாள், அடியில் இருந்த ஓட்டைக்குள் பென்சிலை விட்டு ஒரு குத்து. பந்து பிதுங்கி அவள் உள்ளங்கையில் விழுந்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய், மீதி ரொட்டியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

நெவேனா திரும்பி வந்ததும் கூடமே தேடியது. மேசைக்கடியில் நான்கு பேர் முழங்காலில் ஊர்ந்தார்கள்.

"வடிகால்ல விழுந்திருக்கும்" என்றாள் தையல்கூடத்துப் பென்கா. "இல்லன்னா ராங்கெல் அண்ணன் மாத்திரைன்னு நெனச்சு முழுங்கியிருப்பார்."

"அவர் முழுங்கினா ராத்திரிக்குள்ள தெரிஞ்சிரும்" என்று இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். டோன்கா தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நெவேனா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். காலியான குழியை ஒரு முறை பார்த்தாள், மேசைமேல் கிடந்த பென்சிலைப் பார்த்தாள். பிறகு டோன்காவின் பக்கம் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து, ஆலை கொடுத்த மவுஸை எடுத்துச் செருகினாள்.

இனி அவள் தடுமாறுவாள், பந்தை எடுத்துவிட்டால் அவளும் மற்ற பெண்களைப் போலத்தான் என்று டோன்கா நினைத்திருக்க வேண்டும். சாயங்காலம் வரை இரண்டு பேரும் அடுக்கினார்கள். டோன்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அடுக்கினாள். நெவேனா மவுஸை மெதுவாக, நடுநடுவே கையை உதறிக்கொண்டு நகர்த்தினாள்.

ராங்கெல் அண்ணன் வந்து இரண்டு திரையையும் பார்த்தார். நெவேனாவுக்கு எண்பத்து நாலு. டோன்காவுக்கு எண்பத்து நாலரைக்கும் மேலே.

"எனக்குத் தெரியும்" என்றாள் டோன்கா. "போடுங்கண்ணே, தாள் வரட்டும்."

வரைபொறியிலிருந்து தாள் என் மேசைக்கு ஊர்ந்து வந்தது. நெவேனாவும் வந்து நின்றாள். யார் ஜெயித்தாலும் தோற்றாலும், நல்ல அடுக்கைப் பார்க்கிற ஆசை அந்த வேலைக்காரர்களுக்கு விடாது. தாளின் நீளத்தில் மெல்லக் குனிந்துகொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். பிறகு கண்ணாடி அறைக்குள் போய், டோன்காவின் காதருகில் குனிந்தாள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"அக்கா, ஒரு கைத்துண்டு தலைகீழாக் கிடக்கு."

கம்பளித் துணிக்கு ரோமம் ஒரே பக்கம் சாயும், கண்ணுகளா, பூனையின் முதுகு மாதிரி. எல்லாத் துண்டும் அந்தத் திசையிலேயே கிடக்க வேண்டும். ஒரு கை மட்டும் எதிர்த்திசையில் வெட்டினால், தைத்து முடித்த பிறகு கோட்டின் ஒரு கை வெளுத்தும் மறு கை கறுத்தும் நிற்கும். துண்டு திரும்பிவிடாமல் காக்கத் திரையில் ஒரு பூட்டு உண்டு. துண்டைத் துளி சாய்த்து வைக்க அந்தப் பூட்டைத் திறந்த டோன்கா, மூலையில் ஓடுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை மறந்துவிட்டாள். வலிக்கிற கை ஒரு தடவை கூடுதலாக அழுத்தியிருக்கிறது, துண்டு புரண்டுவிட்டது. அந்தக் கைத்துண்டு புரண்டதால் கிடைத்த இடம்தான் அவள் எண்ணை மேலே ஏற்றியது. வேலைக்கு வந்த முதல் மாதத்தில் பெண்கள் செய்கிற தப்பு. டோன்கா அதைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அவள் போய்த் தாளைப் பார்த்தாள். துண்டுக்குள் வரைந்திருந்த அம்பு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் கீழே. திரும்பிப் போய் உட்கார்ந்து திருத்தினாள். எண் எண்பத்து மூன்றரைக்கு இறங்கியது.

"அப்ப நெவேனா" என்றார் ராங்கெல் அண்ணன். கத்தரிக்கோலை மூடிவைத்த மாதிரி.

வெளியே வரும்போது டோன்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. "அவ ஏண்டி சொன்னா? சொல்லாம விட்டிருந்தா துணி வீணாகி நான் வேலையவிட்டே போயிருப்பேன். அவளுக்கு நல்லதுதானே? ஏன் சொன்னா?"

"துணி பாவமேன்னு சொல்லியிருப்பா."

"நல்லவளாவும் இருக்கணுமா அவ? அதுவும் அவளுக்கே வேணுமா?"

மறுநாள் அந்தோன் திருநாள். டோன்கா என்பது அந்தப் புனிதரின் பெயரிலிருந்து வந்ததுதான், அதனால் அவளுக்கு அன்று பெயர் நாள். எங்கள் ஊரில் பெயர் நாளுக்கு யாரையும் கூப்பிடுகிற வழக்கமில்லை, வருகிறவர்கள் வருவார்கள். வந்தவரை வாசலில் நிறுத்துவதும் இல்லை. டோன்கா விடிகாலையிலேயே வட்ட ரொட்டி சுட்டுத் தேன் தடவி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்திருந்தாள். நோய்கள் வீட்டு வழியே போகிற நாள் அது, தேனைத் தந்து இனிப்பாக அனுப்பிவிட வேண்டும். அன்று வீட்டில் எந்தப் பெண்ணும் ஊசியைத் தொடமாட்டாள். தொட்டால் நோய் திரும்பிப் பார்க்கும். ஆலையில் நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டு தைப்போம், அது வேறு கணக்கு. வீட்டில் ஊசிப்பெட்டியை அலமாரியின் மேல் தூக்கி வைத்துவிடுவோம்.

வேலை முடிந்து நாங்கள் போனபோது மேசை நிறைந்திருந்தது. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா, புளித்த முட்டைக்கோஸில் சுற்றிய இறைச்சி, கிருமின் ராக்கியா. ராங்கெல் அண்ணன், பென்கா, பக்கத்து வீட்டு இரண்டு பெண்கள். கோட்டு கைமாறியதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

கதவு தட்டப்பட்டது. நெவேனா. கையில் பூ, ஒரு சின்னப் பெட்டி, ரிப்பன் கட்டியது.

டோன்காவின் முகம் சுண்ணாம்பாகியது. ஆனாலும் எழுந்தாள். "வா, உள்ள வா. குளிர் உள்ள வருது."

"நூறு வருஷம் நல்லா இருக்கணும், அக்கா. இத அப்புறமாப் பிரிங்க, எல்லாரும் போனப்புறம்."

கிரும் ஏற்கெனவே இரண்டு கோப்பை போட்டிருந்தான். "அப்புறம் என்ன அப்புறம், இங்க வந்தா எல்லாரும் பாக்கணும்!" என்று ரிப்பனை இழுத்துவிட்டான். பெட்டிக்குள் அந்தச் சாம்பல் பொருள். பக்கவாட்டில் ஒரு குழி, கண் தோண்டியது போல.

"என்னம்மா இது? சோப்பு டப்பாவா?"

பென்காவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். "அட கடவுளே! நேத்து பந்து தொலஞ்சுது, இன்னிக்கு மிச்சத்தப் பரிசாத் தள்ளிட்டா! இப்படின்னு தெரிஞ்சிருந்தா எங்க வீட்டு ஓட்டை ரேடியோவ நானும் ரிப்பன் கட்டிக் கொண்டாந்திருப்பேனே!"

சிரிப்பு எழுந்தது. ராங்கெல் அண்ணன்கூட மீசைக்குள் சிரித்துவிட்டு, "ஏம்மா நெவேனா, பெயர் நாளுக்கு ஒடஞ்சத யாராவது குடுப்பாங்களா?" என்றார்.

நெவேனாவின் காது சிவந்தது. "பந்து... எங்கயாவது கெடைக்கும். கெடச்சா அக்காவுக்கு உதவுமேன்னு பாத்தேன். எனக்கு சோபியா நகரத்துலேருந்து புதுசு வருது." பேசும்போது அவள் மேசைவிரிப்பைப் பார்த்தாள், கிருமைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள். டோன்காவை மட்டும் பார்க்கவில்லை. பந்தை எடுத்தது யார் என்று நெவேனாவுக்குத் தெரியும், அது அப்போதுதான் டோன்காவுக்குப் புரிந்தது.

நான் டோன்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. மறைக்க முடியாத சிரிப்பு. இலையுதிர்காலத்திலிருந்து அவள் இதற்குத்தானே காத்திருந்தாள், எல்லாரும் நெவேனாவைப் பார்த்துச் சிரிப்பதற்கு. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். கூடவே ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து, 'பரவாயில்ல விடுங்க' என்று சொல்லிவிட்டால், நல்லவள் என்ற பேரும் இவளுக்கே வந்துவிடும்.

ராக்கியாக் குடுவையை எடுக்கக் கையை நீட்டினாள். மணிக்கட்டு மடங்கியது. குடுவை அரை விரல் உயர்ந்து, மறுபடி மேசையில் உட்கார்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. நெவேனா கவனித்தாள். இந்த முறை கண்ணை விலக்கவில்லை.

டோன்கா எழுந்தாள். அலமாரிப் பக்கம் போனாள். நாற்காலியில் ஏறி, மேலே இருந்த ஊசிப்பெட்டியை இறக்கினாள்.

"ஐயோ, டோன்கா! இன்னிக்கா!" என்று பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். "பெட்டியத் தொறக்காதடி, நோய் வீட்டுக்குள்ள வந்துரும்!"

"அது எப்பவோ வந்து உக்காந்துருச்சு" என்றாள் டோன்கா.

மூடியைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கும் ஊசிகளுக்கும் நடுவில் சிவப்பாக அது கிடந்தது. அந்த ஒரு நாள் எந்தக் கையும் நுழையாத இடம் என்று அங்கே ஒளித்திருக்கிறாள். எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் அந்தக் குழிக்குள் வைத்து அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது.

பென்காவின் வாய் திறந்தபடி நின்றது. ராங்கெல் அண்ணன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நீயா எடுத்த? ஏண்டி?"

"ஏன்னா அவளுக்கு வலிக்கல. எனக்கு வலிக்குது." சட்டைக் கையை மேலே இழுத்தாள். துணிக்கட்டு முழங்கை வரை இருந்தது. "மருத்துவர் இதத்தான் வாங்கச் சொன்னார். அவ வச்சிருக்கான்னு நான் வாங்கல. நேத்து தொட்டுப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. அதான் பொறுக்கல."

யாரும் சிரிக்கவில்லை. கிரும் மூக்கை உறிஞ்சினான், அவன் குடித்தால் எதற்கும் அழுவான்.

"எனக்கும் இதே கட்டு இருந்துச்சு, அக்கா" என்றாள் நெவேனா. "கார்ட்ஜாலியில ஒரு வருஷம் சுத்திக்கிட்டுத் திரிஞ்சேன். இதுக்கு மாறினப்புறம்தான் அவுத்தேன். மொத நாள் நீங்க கேலி பண்ணாம இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்."

"அதுவும் தெரியும்."

ராங்கெல் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "கோட்டு..."

"கோட்டு அவளுக்குத்தான்" என்றாள் டோன்கா. அவர் முடிக்கும் முன்னாலேயே, ஒரே மூச்சில், கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரி. "பந்து இல்லாமலே ஜெயிச்சா. அத நான் பாக்கலன்னு நெனச்சீங்களா? உக்காரு பொண்ணே, பனிட்சா ஆறுது. பென்கா, வாய மூடு, ஈ போகும்."

அதன்பிறகு மாதம் ஒன்று டோன்கா படாத பாடுபட்டாள். கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்காது. பைத்துணியைப் பிடிக்கப் போனால் அம்புக்குறி திரைக்கு வெளியே ஓடிவிடும். "இந்தப் பிசாசுக்குக் கடிவாளம் இல்லையா!" என்று கத்துவாள். எதிர் மேசையிலிருந்து நெவேனா, "வேகத்தக் கொறச்சு வைங்க அக்கா" என்பாள். "எனக்குத் தெரியும்" என்பாள் டோன்கா. சற்றுப் பொறுத்து, நெவேனா பார்க்காதபோது வேகத்தைக் குறைப்பாள். உள்துணிதான் அடுக்கினாள். முதலில் எண்பதைத் தாண்டவே திணறினாள். வசந்தம் வருவதற்குள் துணிக்கட்டு போய்விட்டது, கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். கோப்பையை வலது கையாலேயே தூக்கினாள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். நீங்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகள், அப்படித்தான் கேட்பீர்கள். ஒரு நாள் புகைபிடிக்க வந்தவள் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்தாள்.

"ஏண்டி ஸ்டாய்கா, அவளோட புதுசப் பாத்தியா? பந்து கொஞ்சம் பெருசு இல்ல?"

"உன்னோடதும் நல்லாத்தானே ஓடுது."

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது." புகையை விட்டாள். "அவளோடது சத்தமே போடாம ஓடுது. நீலம் வேற."

"வாங்கேன். கிரும் வாங்கித் தரமாட்டானா?"

"அவ வச்சிருக்கறதயேவா?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். வலது மணிக்கட்டைப் பிடித்து, முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தாள். வலிக்கவில்லை. அது அவளுக்கே இன்னும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"கடையில நீலம் மட்டுந்தானா," என்றாள், "இல்ல அதவிடப் பெருசும் இருக்கா?"